இருபது வயது வேனுக்கு டைமிங் பெல்ட் மாற்றலாமா? பெங்களூர்க்காரர்களின் அனுபவங்கள்

ராமமூர்த்தி நகர், 2004 குவாலிஸ் டீசல்

போன மாதம் எங்கள் வீட்டு குவாலிஸுக்கு டைமிங் பெல்ட் மாற்றினோம். இன்ஜினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ரப்பர் பட்டை அது. மாற்றுவதற்கு முன் வீட்டில் நடந்த பஞ்சாயத்து கொஞ்சநஞ்சமில்லை. பழைய வேனை விடவும் முடியாமல், செலவு செய்யவும் மனசு வராமல் இருக்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

வண்டி மாமனார் வாங்கியது. கால் சென்டர் பிள்ளைகளை ராத்திரியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த டிராவல்ஸ் வண்டி. மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். இங்கே பிடதியில் 2000 முதல் 2005 வரைதான் குவாலிஸ் செய்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ வண்டிகள் வந்து போய்விட்டன, இது மட்டும் திருப்பத்தூர் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. 2019இல் ஒரு தடவை, 2024இல் ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. 2022 ஏப்ரலில் கட்டணம் ஏறியதால் 2024இல் புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது. அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காகப் பார்த்த டிங்கர் வேலை. இவ்வளவும் கட்டியதால் 2029 வரை காகிதம் கையில் இருக்கிறது.

மெக்கானிக் பெல்ட் பேச்சை எடுத்ததும் மச்சான் குதித்தார். "வண்டியை விற்றால் என்ன வரும்? அதில் போய் பெல்ட்டுக்கு இவ்வளவா? ஒரு சத்தம்கூட இல்லையே!" மாமனாரோ, "நான் வாங்கினப்போ மாற்றின ஞாபகம்" என்றார். பில் இல்லை. மாற்றிய பட்டறைக்காரர் யார் என்றும் ஞாபகமில்லை.

சரி, மீட்டரைப் பார்க்கலாம் என்றால் அது 2,87,000 சொச்சத்தில் நின்று பல வருடமாகிறது. கேபிள் போனது, யாரும் கவலைப்படவில்லை. இந்த வண்டிகளில் லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டேஷ்போர்டில் டைமிங் பெல்ட் விளக்கு எரியும். மீட்டர் ஓடினால்தான் அந்த விளக்கும் எரியும். நின்ற மீட்டரை நம்பி, விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

மச்சான் வண்டியின் விற்பனை விலையை வைத்துக் கணக்குப் போட்டார். நான் போட்டது வேறு கணக்கு. பாட்டி, குழந்தைகள், சீர்வரிசைத் தட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி தாண்டிப் போக இதே அளவில் இன்னொரு வண்டி வாங்க வேண்டுமென்றால் எவ்வளவு ஆகும்? அந்த எண்ணைச் சொன்னதும் மச்சான் காபி குடிக்கப் போய்விட்டார்.

கவரைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் முதுகில் எழுத்தெல்லாம் அழிந்து, பல்லின் அடியில் குறுக்குக் கீறல்கள். கேம் தண்டின் ஆயில் சீல் கசிந்து ஓரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இரண்டு ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்தும் ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை. மீட்டர் கேபிளும் போட்டுவிட்டேன்.

வில்சன் கார்டன், பட்டறை வைத்திருப்பவர்

தம்பி எழுதியதைப் படித்தேன். மீட்டர் கேபிள் போட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

தினமும் யாராவது கேட்கிறார்கள்: "பாய், சத்தம் வரலையே, எதுக்கு மாத்தணும்?" கீச்சென்று கத்துவது வெளியில் ஓடும் ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட் கவருக்குள் இருக்கிறது. அது கத்தாது, வழுக்காது. பல் இருக்கும்வரை சரியாக ஓடும், பல் உதிர்ந்த நிமிடம் இன்ஜின் நிற்கும். டென்ஷனர் பேரிங் தேய்ந்தால் மட்டும் சிலசமயம் ஒரு ரீங்காரம் கேட்கும். அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே ஊருக்குப் போய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஓசூர்கூடத் தாண்டாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கீழே பிஸ்டனோடு சேர்ந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால், மேலே வால்வைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர் பட்டைதான். உள்ளே கண்ணாடி நாரில் கயிறு ஓடும், வெளியே ரப்பர் பல். குவாலிஸ் டீசலில் இதே பெல்ட்தான் டீசல் பம்பையும் சுற்றுகிறது. அதனால் மாற்றும்போது கிராங்க், கேம், பம்ப் மூன்றின் மார்க்கும் நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் புகை தள்ளும், இழுவை இருக்காது.

அறுந்தால் என்ன ஆகும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. சில பெட்ரோல் இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் திறந்த வால்வுக்கும் நடுவே இடம் விட்டிருப்பார்கள். அதில் வேறு பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். டீசலில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கம்ப்ரஷன் வேண்டும் என்பதற்காகப் பிஸ்டன், வால்வுகள் இருக்கும் மேல் பாகமான ஹெட்டை உரசுகிற அளவுக்கு மேலே வரும். பெல்ட் போனால் திறந்திருக்கும் வால்வை அடிக்கும், வளைக்கும். பிறகு ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, கேஸ்கெட் என்று பட்டியல் நீளும். பழைய வண்டி என்று தயங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது தன் இன்ஜின் எந்த ஜாதி என்பதைத்தான்.

அடுத்தது இந்த ஊர் டிராஃபிக். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் பெங்களூரில் ஏமாந்துபோவீர்கள். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வையுங்கள். ஒரு மணி நேரம் சில்க் போர்டு சிக்னலில் நின்றால் 48,000 சுற்று. ஹைவேயில் 2,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 1,20,000. அதாவது நின்ற இடத்திலேயே, ஹைவேயில் ஓட்டிய வேலையில் ஐந்தில் இரண்டு பங்கை பெல்ட் செய்துவிடுகிறது, மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாமல். அதனால் இந்த ஊர் வண்டிக்கு மேனுவலில் போட்ட கிலோமீட்டர் வரும்வரை நான் காத்திருக்கச் சொல்வதில்லை. ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிக்கும் இதே பேச்சுதான். ரப்பருக்கு வயசு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

நடு ரோட்டில் இன்ஜின் சட்டென்று அணைந்துபோய், செல்ஃப் அடித்தால் எந்தத் தடையும் இல்லாமல் லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? பெல்ட்டைச் சந்தேகியுங்கள். மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்ய நாலு பேர் ஓடி வருவார்கள், நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் விடாதீர்கள். தள்ளத் தள்ள இன்னும் இரண்டு வால்வு வளையும்.

பெல்ட் மட்டும் போதும், டென்ஷனர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பேரம் பேசுபவர்களுக்கு நான் வண்டியைத் தொடுவதில்லை. புது பெல்ட் பழைய பேரிங்கில் ஓடி, பேரிங் ஜாம் ஆனால் போவது புது பெல்ட்தான். சில இன்ஜின்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடும். அங்கே அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இரண்டாவது தடவை கூலி மிச்சம். போட்டு முடித்ததும் மெக்கானிக் சாவியைத் திருப்புவதற்கு முன் ஸ்பேனரை வைத்துக் கையால் கிராங்கை முழுசாக இரண்டு சுற்று சுற்றி மார்க்கைப் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் வேறு பட்டறை தேடலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டி, 2009 இன்னோவா

பாய் சொன்ன அந்த 'லேசாகச் சுற்றும் செல்ஃப்' எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதைக் கேட்டது எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் மேலே. பத்து கிலோமீட்டருக்குப் பக்கமாக நீளும் அந்தப் பாலத்தில் ஒதுங்கி நிற்க எங்கே இடம் இருக்கிறது?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. விற்றவர் கார் வியாபாரி. "பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு சார், பாருங்க, விளக்கே எரியலை" என்று டேஷ்போர்டைக் காட்டினார். அந்த விளக்கை மீட்டர் குமிழையும் சாவியையும் வைத்து ஒரு நிமிடத்தில் அணைத்துவிடலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. பெல்ட் மாற்றினால்தான் அணையும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விளக்கு எரியவில்லை என்றால் கிலோமீட்டர் இன்னும் வரவில்லை, இல்லை யாரோ அணைத்திருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஒரு சின்ன 'டப்', அப்புறம் அமைதி. ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. பிரேக் இரண்டு அழுத்தில் இறுகிவிட்டது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூமுக்கு அவ்வளவுதான் ஆயுசு. பின்னால் வந்த கம்பெனி பஸ் டிரைவர் ஹசார்டு போட்டு எனக்குப் பின்னால் நின்று வழி மறித்தார். அவர் பேர்கூடக் கேட்கவில்லை. டோ வண்டி வரும்வரை மனைவியும் பிள்ளையும் பாலத்தின் சுவரோரம் நின்றார்கள். அந்தக் காட்சி ஒன்றே போதும், அடுத்த வண்டிக்கு வாங்கிய கையோடு பெல்ட் போட.

ஹெட் இறக்கினார்கள். பதினாறு வால்வில் பாதி வளைந்திருந்தன. எண்பதாயிரத்துக்கு மேல் போனது. பெல்ட், டென்ஷனர் கிட்டின் விலையை அந்தப் பில்லில் தேடினால் ஒரு மூலையில் சின்ன வரியாக இருந்தது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: விளக்கைப் பார்க்காதீர்கள், வாய்ப்பேச்சைக் கேட்காதீர்கள். தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பர் போட்ட பில் இருந்தால் மாற்றியது என்று நம்புங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு, பேரத்திலேயே அந்தத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள்.

நீலசந்திரா, ஸ்கூல் வேன்

நான் ஓட்டுவது டீசல் மினி வேன். காலையில் இரண்டு டிரிப், சாயங்காலம் இரண்டு டிரிப், ரிச்மண்ட் டவுன் பக்கம். மொத்தமாகப் பார்த்தால் கிலோமீட்டர் ரொம்பக் குறைவு. ஆனால் பள்ளிக்கூட வாசலில் இன்ஜின் ஓட நிற்கும் நேரம் இருக்கிறதே, அதைக் கணக்கெடுத்தால் சென்னைக்கே போய் வந்திருக்கலாம். பாய் சொன்ன சுற்றுக் கணக்கைப் படித்ததும் பக்கத்து வேன் டிரைவர்களுக்கு எல்லாம் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் நிற்கும்போது சாவியை அணைக்கிறோம். டீசலும் மிச்சம்.

பெல்ட்டை ஏப்ரல், மே லீவில்தான் மாற்றுவேன். ஸ்கூல் நடக்கும்போது வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றால் பத்து வீட்டு அம்மாக்கள் போன் பண்ணுவார்கள். எஃப்.சி.யில் பிரேக், லைட், புகை எல்லாம் பார்க்கிறார்கள். பெல்ட் கவரைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. எஃப்.சி. ஆன வண்டி என்றால் எல்லாம் சரி என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். என் வண்டியில் கவருக்கு மேலேயே மாற்றிய தேதியைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

அல்சூர், ஆம்னி, வீட்டுச் சமையல் ஆர்டர்

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, இட்லி அண்டா எத்தனை ஏறும் என்பது மட்டும் தெரியும் என்று சொல்லித்தான் மெக்கானிக்குகள் என்னிடம் பேச ஆரம்பிப்பார்கள். இப்போது அப்படிப் பேசுவதில்லை.

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் பாதி தெரியும். அதனால் வேலை நடக்கும்போது நானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். முதல் தடவை பெல்ட்டைப் பையன் கையில் எடுத்து வந்தான், பூக்கட்டு நார் மாதிரி சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு. பெல்ட்டை அப்படி இறுக்கி மடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கண்ணாடி நார் நொறுங்கும் என்று ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். "இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வா தம்பி" என்றேன். பையன் என்னையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஜே.சி. ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லா விலையிலும் எல்லாப் பெட்டியும் கிடைக்கும். ஒரே பேர் போட்ட இரண்டு பெட்டி, இரண்டு விலை. எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் கம்பெனி டீலரிடம் போய் பில்லோடு வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு கல்யாண ஆர்டரில் வடைக்கு ஆகும் எண்ணெய்கூட இல்லை. சிவாஜி நகரில் பழைய பார்ட் எடுக்கிறவர்கள் கதவு, கண்ணாடி, சீட் எடுங்கள். கழற்றிய வண்டியின் டைமிங் பெல்ட்டை "ஓடாத வண்டி அக்கா, புதுசு மாதிரி இருக்கு" என்று ஒருவர் எனக்கே விற்கப் பார்த்தார்!

என் வண்டி பழசுதான். 2019இல் ஆம்னி உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் முகூர்த்தத்தன்று காலை ஆறு மணிக்குச் சாம்பார் மண்டபத்தில் இருக்க வேண்டும். வண்டி எவ்வளவுக்குப் போகும் என்று நான் யோசிப்பதேயில்லை.

ஸ்ரீராமபுரம், பூ வியாபாரம்

எல்லாரும் மாற்று, மாற்று என்கிறீர்கள். நான் மாற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது பழைய பெட்ரோல் வேன். மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீராமபுரத்துக்கு விடியற்காலையில் பூ மூட்டை, அவ்வளவுதான் அதன் உலகம். ஈர மூட்டை ஏற்றி ஏற்றித் தரை முழுக்கத் துரு. காலை வைத்தால் ரோடு தெரியும். ஆர்.சி. முடிய நாலைந்து மாதம் இருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் தரை, கதவு, பிரேக் பைப் எல்லாம் பார்க்க வேண்டும். பெல்ட் அந்தப் பட்டியலில் கடைசி. மெக்கானிக்கிடம் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அறுந்தா நிற்கும். நின்னா குஜிரிக்கு, அதான் பழைய இரும்புக் கடைக்கு, தள்ளிட்டுப் போகலாம், கிட்டத்தான்" என்றார். நியாயமாகப் பட்டது. குடும்பத்தை ஏற்றுவதில்லை, ஹைவே போவதில்லை, நின்றால் ஆட்டோவில் மூட்டையை மாற்றிக்கொள்ளலாம். அப்படியே ஓட்டி, கடைசியில் எடைக்குப் போட்டேன்.

யாராவது ஓட்டுவதற்கு வாங்க வந்திருந்தால் பெல்ட் மாற்றவில்லை என்று சொல்லித்தான் கொடுத்திருப்பேன். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர் எழுதியதைப் படித்தபோது அந்த வியாபாரியின் மேல் கோபமாக வந்தது.

டெல்லியில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இந்தத் தலைவலியே வரவில்லை. அங்கே பத்து வருடம் ஆன டீசல் வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ராமமூர்த்தி நகர் குவாலிஸ் அங்கே இருந்திருந்தால் பெல்ட் பஞ்சாயத்துக்கு முன்னாலேயே வேறு பஞ்சாயத்து வந்திருக்கும்.

வில்சன் கார்டன் மறுபடியும்

பூக்கார அண்ணன் செய்தது சரிதான். எப்போது கைவிடப் போகிறோம் என்று தேதி தெரிந்த வண்டிக்கு நானும் பெல்ட் போடச் சொல்ல மாட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிட்டு விட்டுடுவேன் பாய்" என்று அஞ்சு வருடமாகச் சொல்லிக்கொண்டே தோப்பூர்க் கணவாய் இறங்குகிறவர்கள்தான் எனக்குப் பயம்.

கே.ஆர்.புரம், டெம்போ டிராவலர் வாங்கப் போகிறவர்

பாய், ஒரு சந்தேகம். நான் பழைய டெம்போ டிராவலர் ஒன்று பேசி வைத்திருக்கிறேன், கோயில் டிரிப்புக்கு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் ஓனர் சிரிக்கிறார். ஏமாற்றுகிறாரா?

வில்சன் கார்டன்

ஏமாற்றவில்லை. அந்த வண்டியில் மெர்சிடிஸ் வழி வந்த இன்ஜின். அதில் பெல்ட் இல்லை, செயின். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயினும் தளரும், அதன் கைடும் தேயும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன் பக்கத்தில் கலகலவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடு பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் மாற்றிய பில் கேளுங்கள். வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், கேட்டுச் சொல்கிறேன்.